ஐந்தாவது சக்கரம்

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் ஒரு வாத்தியார் இருந்தார். கணக்குப் போடாமல் சன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் பையனை அவர் ‘லா சேன்கியேம் ரூ து கரோஸ்’ என்று கூப்பிடுவார். சாரட்டு வண்டியின் ஐந்தாவது சக்கரம் என்று பொருள். நாலு சக்கரத்தில் ஓடுகிற வண்டிக்கு ஐந்தாவது எதற்கு? இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் உதவாக்கரையைச் சொல்லும் மரபுத்தொடர் அது. நானும் இரண்டொரு முறை அந்தப் பட்டத்தை வாங்கியிருக்கிறேன்.

அறுபது வருடம் கழித்து, 2022 கோடையில், சிகாகோவுக்குப் பக்கத்தில் என் மகள் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தபோது அந்த வாத்தியார் அடிக்கடி நினைவுக்கு வந்தார். ஆறு மாதம் தங்கப் போயிருந்தோம். பாத்திரம் கழுவப் போனால் மெஷின் இருக்கிறது என்பார்கள். புல் வெட்ட ஆள் வருகிறான். பேத்தியைப் பள்ளிக்கு அழைத்துப் போகலாமென்றால் பஸ் வாசலுக்கே வருகிறது. என் மனைவிக்காவது சமையற்கட்டு இருந்தது. எனக்கு இருந்தது சோபாவும் அதற்கு எதிரே ஒரு டி.வி.யும்தான்.

அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளைக்கு ஓர் ஆசை வந்தது. வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீடு ஒன்று வாங்க வேண்டும். லீவு விட்டால் குடும்பத்தோடு ஏரிக்கரைக்கும் மலைக்கும் போய் அதிலேயே தங்க வேண்டும். கொரோனா காலத்தில் ஓட்டல் அறைகளுக்குப் பயந்து அந்த நாட்டில் நிறையப் பேருக்கு இந்த ஆசை வந்திருக்கிறது. 2021-இல் மட்டும் இப்படிப்பட்ட வாகனங்கள் சுமார் 6 லட்சம் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. அதுவரை அப்படி ஓர் ஆண்டு இருந்ததில்லை.

இந்த வீட்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று டிராவல் டிரெய்லர். காரின் பின்புறம், பம்பருக்கு அடியில், எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய இரும்பு உருண்டை ஒன்று இருக்கும். டிரெய்லரின் மூக்கிலுள்ள குழிவான பிடி அதன்மேல் உட்கார்ந்து கவ்விக்கொள்ளும். இன்னொன்றின் பெயரைக் கேட்டபோதுதான் நான் சோபாவிலிருந்து நிமிர்ந்தேன். அதன் பெயர் ‘ஃபிஃப்த் வீல்’. ஐந்தாவது சக்கரம்! அதை இழுக்க கார் உதவாது. பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்அப் வண்டிதான் வேண்டும். அந்தத் தொட்டியின் நடுவில், பின் அச்சுக்கு நேர் மேலே, ஒரு பூட்டுத் தட்டைப் பொருத்துகிறார்கள். வீட்டின் முன்பாதி யானைத் தும்பிக்கை மாதிரி மேலெழுந்து தொட்டியின்மேல் நீண்டுவந்து, அதன் அடியிலுள்ள முளை அந்தத் தட்டில் இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. நம் துறைமுகச் சாலைகளில் ஓடும் கன்டெய்னர் லாரியின் ஏற்பாடுதான், சிறிய அளவில்.

மாப்பிள்ளைக்கு ஃபிஃப்த் வீல்மேல் கண். மகளுக்கு டிராவல் டிரெய்லர். இரண்டு வாரம் இரவுச் சாப்பாட்டு நேரமெல்லாம் இதே பேச்சு. ஒருநாள் மாப்பிள்ளை, “மாமா, நீங்க போக்குவரத்து ஆபீஸ்லதானே இருந்தீங்க? நீங்களே சொல்லுங்க” என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். நான் ஒரு நாளும் லாரி ஓட்டியவனில்லை. லாரிகளின் காகிதங்களைத்தான் ஓட்டினேன், முப்பது வருடத்துக்கு மேல். ஆனால் இந்த இரண்டு சாதிக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் மேசையில் தினமும் பார்த்தோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லர் என்பதைத் தனியாகவும் செமி டிரெய்லர் என்பதைத் தனியாகவும் வரையறுக்கிறது. இழுக்கும் வண்டியின்மேல் தன் உடலில் ஒரு பகுதியை ஏற்றி, தன் எடையில் ஒரு பங்கை அதன் முதுகில் வைப்பது செமி டிரெய்லர். அப்படிச் செய்யாமல் பின்னால் தொடர்ந்து வருவது டிரெய்லர். ஆக, மாப்பிள்ளை விரும்பியது ஒரு செமி டிரெய்லர், மகள் விரும்பியது ஒரு டிரெய்லர். இதைச் சொன்னதும் பேத்தி, “டிரெய்லர்னா சினிமாக்கு முன்னாடி வர்றதுதானே தாத்தா?” என்றாள். அதுவும் ஒரு காலத்தில் படம் முடிந்த பிறகு, வாலாகத்தான் காட்டப்பட்டது. அதனால் வந்த பெயர் என்று விளக்கினேன். அவள் அதற்குள் போய்விட்டாள்.

மறுநாளே பக்கத்து நூலகத்தில் என்னை இறக்கிவிடச் சொன்னேன். ஒரு வாரம் போய் வந்தேன். வாத்தியார் என்னைத் திட்டிய அந்தச் சக்கரம் எப்படி அமெரிக்காவில் ஒரு வீட்டுக்குப் பெயரானது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

விஷயம் குதிரை வண்டிக் காலத்தில் தொடங்குகிறது. நம் ஊர் மாட்டு வண்டிக்கும் ஜட்காவுக்கும் இரண்டே சக்கரம். மாடு திரும்பினால் வண்டி முழுவதும் சேர்ந்து திரும்பும். நாலு சக்கர சாரட்டு அப்படித் திரும்பாது. முன் அச்சு மட்டும் தனியாகத் திரும்ப வேண்டும். அதற்காக முன் அச்சின்மேல் ஓர் இரும்பு வளையத்தைப் படுக்கையாக வைத்து, வண்டியின் அடியில் இன்னொரு வளையத்தை அதன்மேல் அமர்த்தி, நடுவில் ஒரு பெரிய முளையை இறக்கினார்கள். கிரீஸ் தடவிய வளையத்தின்மேல் வளையம் வழுக்கித் திரும்பும். தரையைத் தொடாமல் படுத்துக் கிடக்கும் இந்த வளையத்துக்குத்தான் ஆங்கிலத்தில் ஐந்தாவது சக்கரம் என்று பெயர் வைத்தார்கள். வண்டியின் முன்பாரம் முழுவதையும் சுமப்பது அது. திருப்பத்தில் வண்டி கவிழாமல் தாங்குவதும் அது. எங்கள் வாத்தியார் சாரட்டின் அடியில் குனிந்து பார்த்ததில்லை போலும்.

குதிரை போய் மோட்டார் வந்தபோது, வேலை இழக்கப்போகிற வண்டித் தச்சர்களும் கொல்லர்களும்தான் டிரெய்லரைக் கண்டுபிடித்தார்கள். டெட்ராய்ட் நகரத்தில் ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்று ஒரு கொல்லர், வண்டி செய்பவர். 1914-இல் ஒரு மர வியாபாரி தன் படகை ஏரிக்குக் கொண்டுபோக வழி கேட்டு அவரிடம் வந்தார். ஃப்ரூஹாஃப் அந்த வியாபாரியின் ஃபோர்டு காரின் பின்னால் மாட்டும்படி இரண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார். வியாபாரிக்கு அது பிடித்துப்போய், மரம் ஏற்றவும் அப்படியே வேண்டும் என்றார். ஃப்ரூஹாஃப் அதற்கு செமி டிரெய்லர் என்று பெயர் சொன்னார். பின்னாளில் உலகம் முழுக்க லாரி டிரெய்லர் விற்ற கம்பெனி அப்படித்தான் பிறந்தது. அதே பத்தாண்டில்தான் சாரட்டின் படுக்கை வளையம் லாரியின் முதுகில் ஏறி, மாட்டவும் கழற்றவும் முடிகிற பூட்டுத் தட்டாக மாறியது. சக்கர வடிவம் போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தட்டை ‘ஸெலெத்’ என்கிறார்கள். சின்னச் சேணம் என்று பொருள். கனடாவின் கெபெக்கில் ஃபிஃப்த் வீல் வீட்டுக்கே ‘காரவான் ஆ ஸெலெத்’ என்றுதான் பெயர். அந்தக் காலத்து நீதிமன்றத்தில் குற்றவாளியை உட்காரவைத்து விசாரித்த முக்காலிக்கும் ஸெலெத் என்றுதான் பெயர் என்பது வேறு கதை. எடை, முதுகு, சேணம் என்று பார்த்தால் ஆங்கிலப் பெயரைவிடப் பிரெஞ்சுப் பெயர்தான் பொருத்தம். இது தாய்ப்பாலோடு வந்த பாசமில்லை, பள்ளிக்கூடப் பாசம். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தத் தட்டின்மேல் முதலில் வீட்டைத் தூக்கி வைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு விமானக்காரர். கிளென் கர்ட்டிஸ். 1909 ஆகஸ்டில் பிரான்சின் ரேம்ஸ் நகரத்தில் நடந்த முதல் பெரிய விமானப் போட்டியில், கார்டன் பென்னட் கோப்பையை வென்றவர். அவரிடம் சில விநாடிகளில் தோற்றவர் லூயி பிளேரியோ. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்தவர். எங்கள் பள்ளியில் பிளேரியோவைப் பற்றிப் பாடம் உண்டு. கர்ட்டிஸைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஜெயித்தவன் அந்நியனாக இருந்தால் பாடத்தில் போடுவார்களா?

கர்ட்டிஸுக்கு ஃபுளோரிடாவின் சதுப்புக் காட்டில் முகாம் போட்டு வேட்டையாடுவதில் பிரியம். 1920-களின் கடைசியில் அவர் ‘ஏரோகார்’ என்று ஒரு வண்டி செய்தார். விமான உடம்பைச் செய்வதுபோலவே மெல்லிய மரச்சட்டமும் இழுகம்பிகளும் வைத்துக் கட்டிய வீடு. அதன் முன்பகுதி காரின் பின்புறத்தில் ஏறி உட்காரும். அங்கே ஒரு விமானச் சக்கரத்தை, காற்றடைத்த டயரோடு, படுக்கையாக வைத்திருந்தார். வீட்டின் முளை அதன் நடுவில் இறங்கும். குலுக்கலை டயர் வாங்கிக்கொள்ளும். இந்த இடத்தைப் படித்தபோது நூலகத்தில் எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்தது. நூறு வருடமாகப் பெயரளவில் மட்டும் சக்கரமாக இருந்த ஒன்றை இந்த மனிதர் மறுபடியும் நிஜச் சக்கரமாக்கிவிட்டார். கர்ட்டிஸ் 1930-இல் 52 வயதில் இறந்துபோனார். ஏரோகார் பணக்காரர்களின் பொருளாகவே இருந்து மறைந்தது.

ஏன் மறைந்தது? அது நன்றாக ஓடவில்லை என்பதாலா? இல்லை. அதை மாட்ட வேண்டுமானால் காரின் பின்பகுதியைக் காலி செய்து ஒதுக்கித் தர வேண்டும். சாதாரணக் குடும்பஸ்தனிடம் இருந்தது ஒரே ஒரு கார். அதில் ஆபீஸ் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக வேண்டும். அவன் காரை அறுக்க மாட்டான். பின்னால் ஓர் உருண்டையை முடுக்கிக்கொள்வான், அவ்வளவுதான். இப்படித்தான் அடுத்த முப்பது நாற்பது வருடத்துக்கு டிராவல் டிரெய்லர் கட்சி ஜெயித்தது. ஜெயித்தது வீட்டின் தகுதியால் அல்ல, இழுக்கிற வண்டியின் தகுதியால். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடுகிறது.

டிராவல் டிரெய்லர் கட்சியிலும் விமானக்காரர்கள் உண்டு. 1927-இல் லிண்ட்பர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து பாரிசில் இறங்கினாரே, அந்த விமானம் சான் டியேகோ பட்டறையில் உருவானபோது கட்டும் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஹாலி போலஸ். அவர் 1934-இல் அலுமினியத் தகட்டில் சுரைக்காய் மாதிரி ஒரு டிரெய்லர் செய்தார். வியாபாரம் நொடித்தது. அவருக்காக விற்றுக்கொண்டிருந்த வாலி பயாம் அதை எடுத்து, முன்னால் இருந்த கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936-இல் ‘ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்’ என்று கொண்டுவந்தார். வெள்ளித் தோட்டா மாதிரி பளபளக்கும் அந்த டிரெய்லரைப் பலரும் ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

பயாமின் கம்பெனி 1947-இல் ஒரு புகைப்படம் எடுத்தது. அல்ஃப்ரெட் லெதூர்னெர் என்ற பிரெஞ்சு சைக்கிள் வீரர் ஒரு டிரெய்லரைச் சைக்கிளில் கட்டி இழுக்கிறார்! சும்மா ஆள் இல்லை அவர். 1941-இல் கலிபோர்னியாவில் ஒரு காரின் பின்னால் காற்றுமறைவில் மிதித்து மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டவர். எங்கள் டிரெய்லர் அவ்வளவு லேசு என்று காட்டுவதற்கான விளம்பரம் அது. பிறகு அதுவே கம்பெனியின் சின்னமும் ஆனது. ஆனால் லேசு என்பதைவிட முக்கியமானதை அந்தப் படம் சொல்கிறது என்று எனக்குப் பட்டது. சமதரையில் நல்ல சக்கரத்தின்மேல் நிற்கும் பாரத்தை இழுப்பது பெரிய காரியமல்ல. அதைச் சுமக்கச் சொல்லியிருந்தால் லெதூர்னெர் என்ன செய்திருப்பார்?

இங்கே நம் வண்டிக்காரர்களைக் கூப்பிட வேண்டும். பாரம் ஏற்றும்போது அவர்கள் பார்ப்பது முன்பாரம், பின்பாரம். சரக்கை முன்னால் தள்ளி ஏற்றினால் மாட்டின் கழுத்தில் அழுத்தும். பின்னால் தள்ளினால் நுகத்தடி மேலே கிளம்பி மாட்டைத் தூக்கப் பார்க்கும். கொஞ்சம் முன்பாரம் இருக்க வேண்டும், அதிகம் கூடாது. டிராவல் டிரெய்லருக்கும் இதே கணக்குதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் உருண்டையின்மேல் அழுத்த வேண்டும் என்கிறார்கள். அதற்குக் குறைந்தால் பின்பாரம். நெடுஞ்சாலையில் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் கடந்தாலே வால் ஆட ஆரம்பிக்கும். ஆடுகிற வால் காரையும் சேர்த்து ஆட்டும். உருண்டை பின் அச்சுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் தொங்குவதால் அது நெம்புகோல் போலாகிவிடுகிறது. ஃபிஃப்த் வீலில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பூட்டு பின் அச்சுக்கு நேர் மேலே இருக்கிறது, நெம்புவதற்கு இடமில்லை. மாப்பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இழுத்துப் போவதில் ஃபிஃப்த் வீலே உயர்ந்தது. ஆனால் அது தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை, சிலசமயம் அதற்கு மேலும், வண்டியின் முதுகில் வைக்கிறது.

பின்பாரம் என்றால் எனக்கு ஒரு கோப்பு நினைவுக்கு வரும். 1980-களில் வில்லியனூர்ப் பக்கம் கரும்பு ஏற்றிவந்த ஒரு டிராக்டர் டிரெய்லர். கரும்பைப் பின்னால் குவித்திருந்தார்கள். மேட்டில் ஏறும்போது மூக்கு கிளம்பி, இணைப்பு முளை தெறித்து, டிராக்டர் கவிழ்ந்தது. ஓட்டியவர் பிழைக்கவில்லை. விபத்து அறிக்கை என் மேசைக்கு வந்தபோது அந்தப் பதிவு எண்ணைப் பதிவேட்டில் எழுதியிருந்தது என் கையெழுத்து. என் தவறு எதுவுமில்லை. எண்ணை எழுதுகிறவனுக்குப் பாரத்தோடு என்ன சம்பந்தம்? ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் எல்க்கார்ட்டுக்குப் போனோம். சிகாகோவிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம். இந்தியானா மாநிலத்து ஊர். அமெரிக்காவின் இந்தச் சக்கர வீடுகளில் பெரும்பாலானவை அந்த வட்டாரத்தில்தான் செய்யப்படுகின்றன. நமக்குப் பட்டாசு என்றால் சிவகாசி மாதிரி. அங்கே இந்த வாகனங்களுக்கென்றே ஒரு காட்சியகம் இருக்கிறது. அதில் 1913-ஆம் ஆண்டு டிரெய்லர் ஒன்று. கலிபோர்னியாவில் ஒரு பேராசிரியருக்காக உள்ளூர் சாரட்டுத் தச்சர் செய்துகொடுத்தது. உட்கார்ந்தால் முழங்கால் முட்டும். என் மனைவி எட்டிப் பார்த்து, “நம்ம ஊரு பெட்டிக் கடை” என்றாள். எனக்கென்னவோ அதை விட்டு நகர மனமில்லை. தச்சருடைய உளி வேலை அந்த மரத்தில் தெரிந்தது.

பிறகு விற்பனைக் கடை. பெயர் வேண்டாம். கால்பந்து மைதானம் மாதிரி பரப்பில் வரிசை வரிசையாக வீடுகள். மாப்பிள்ளை மனதில் வைத்திருந்த ஃபிஃப்த் வீலுக்குள் ஏறிப் பார்த்தோம். சொல்லிக்கொள்ள வேண்டும், பிரமாதம். கூரை உயரம், பெரிய சன்னல், பொத்தானை அழுத்தினால் சுவரே வெளியே நகர்ந்து அறை அகலமாகிறது. மாப்பிள்ளையின் முகத்தில் அந்தச் சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் சிறு வயதில் ஒரே அறை வீட்டில் ஆறு பேரோடு வளர்ந்தவர்.

விற்பனையாளர் மாப்பிள்ளையின் பிக்அப்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது 11,000 பவுண்டு இழுக்கும், இந்த வீடு சாமான்களோடு 9,000 பவுண்டுதான், தாராளம் என்றார். நான் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தேன். கதவு நிலையில் மஞ்சள் வெள்ளையில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும் என்று நூலகத்தில் படித்திருந்தேன். ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனைக்கு மேல் போகக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். 1,540 பவுண்டு என்றிருந்தது. நான் மெட்ரிக் முறையில் வளர்ந்தவன்; சட்டைப் பையிலிருந்த காகிதத்தில் கிலோவுக்கு மாற்றினேன். சுமார் 700 கிலோ. எங்கள் ஆறு பேர் எடை, பிள்ளைகள் இருவர் உட்பட, 350. மிச்சம் 350. அந்த ஃபிஃப்த் வீல் 4,000 கிலோவுக்கு மேல். ஐந்தில் ஒரு பங்கு 800 கிலோ. பூட்டுத் தட்டின் எடை தனி. அதாவது எங்களில் ஒருவர்கூட ஏறாமல், வண்டி தானாகவே ஓடினாலும், முதுகு தாங்காது.

“இழுக்கறது வேற, சுமக்கறது வேற மாப்பிள்ளை” என்று காகிதத்தைக் காட்டினேன். அவர் பார்த்தார். விற்பனையாளரும் பார்த்தார். எல்லோரும் இப்படித்தான் ஓட்டுகிறார்கள், ஒன்றும் ஆகாது என்றார் அவர். எங்கள் ஆபீசிலும் இந்த வாசகத்தை நான் பலபேர் வாயால் கேட்டிருக்கிறேன். போதாததற்கு மாப்பிள்ளையின் வண்டித் தொட்டி நீளம் குறைந்தது. இறுக்கமாகத் திரும்பினால் வீட்டின் மூக்கு பின்கண்ணாடியை முட்டும். பின்னால் நகரும் தனிப் பூட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் பெரிய பிக்அப். வீட்டுக்காக வண்டியை மாற்றுவது! 1930-இல் நின்ற இடத்திலேயே நாங்கள் நின்றிருந்தோம்.

பிறகு ஒரு டிராவல் டிரெய்லரைப் பார்த்தோம். சாமான்களோடு 2,500 கிலோ. எட்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் உருண்டையின்மேல் 300 கிலோ. இணைப்புச் சாமான் 40. ஆக 340. பத்துக் கிலோ மிச்சம். “அப்ப என் ஊறுகாய் ஜாடி?” என்றாள் மனைவி. ஜாடி டிரெய்லருக்குள் இருந்தால் அதன் எடையிலும் எட்டில் ஒரு பங்குதான் முதுகுக்கு வரும் என்றேன். இந்தக் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது. ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்று 1954-இல் வந்த ஒரு சிரிப்புப் படம் உண்டு. 36 அடி டிரெய்லரோடு தேனிலவு போகும் பெண், போகிற ஊரிலெல்லாம் ஞாபகார்த்தமாகக் கல் பொறுக்கி உள்ளே சேர்ப்பாள். மலையேறும்போது அந்தக் கற்களால்தான் சண்டை. அந்தக் கல்லை எல்லாம் வீட்டுக்குள் எங்கே வைத்தாள் என்று நான் இப்போது யோசிக்கிறேன். வாலில் வைத்திருந்தால் படம் சிரிப்புப் படமாக முடிந்திராது.

கணக்கை விடுங்கள். முடிவைச் சொன்னது என் மனைவியின் முழங்கால். ஃபிஃப்த் வீலில் படுக்கையறை தொட்டிக்கு மேலே, உள்ளேயே மூன்று படி ஏறிப் போக வேண்டும். “நான் ராத்திரி மூணு தரம் எழுந்திருக்கணும்ங்க” என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். அது மாப்பிள்ளை காதிலும் விழுந்துவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் மாப்பிள்ளை பேசவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்தது. முப்பது வருடம் கோப்பில் ஆட்சேபணை எழுதிய கை, சொந்த வீட்டிலும் எழுதிவிட்டது. மனைவி இரவு, “அந்தப் பிள்ளை ஆசையா பாத்தாரே, நீங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்” என்றாள். இருந்திருக்கலாம்தான். ஆனால் பேத்தியும் பேரனும் அந்தப் பின்சீட்டில்தானே உட்காரப் போகிறார்கள்.

இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளையே காப்பியோடு வந்து உட்கார்ந்தார். “மாமா, அந்தக் கணக்கை இன்னொரு தரம் போட்டுக் காட்டுங்க” என்றார். போட்டேன். எழுந்து போய்க் கதவுச் சீட்டைத் தானே பார்த்துவிட்டு வந்தார். “வாங்கறது அப்புறம். முதல்ல ஒரு டிராவல் டிரெய்லரை வாடகைக்கு எடுத்துப் பாப்போம்” என்றார்.

மிச்சிகன் ஏரியின் தென்கரையில் இந்தியானா டியூன்ஸ் என்று மணல் குன்றுகள் இருக்கின்றன. அங்கே நான்கு நாள் போனோம். ஏரி என்றுதான் பெயர், நம் கடற்கரைச் சாலையில் நிற்பது மாதிரியே இருந்தது, உப்பு மட்டும் இல்லை. முகாமில் எங்களுக்குக் கொடுத்த இடம் இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சந்து. அதற்குள் டிரெய்லரைப் பின்னாலேயே தள்ளி நுழைக்க வேண்டும். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லரின் வால் வலப்பக்கம் போகிறது. மாப்பிள்ளை மூன்று முறை முயன்று மூன்று முறையும் வெளியே எடுத்தார். கேமரா இருக்கிறது, கண்ணாடி இருக்கிறது, பயனில்லை. பக்கத்து முகாம்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் இறங்கிப் பின்னால் போய் நின்றேன். கண்ணாடியில் நான் தெரிகிற மாதிரி இடப்பக்க மரத்தோரம். எங்கள் ஆபீஸ் வாசலில் லாரி கிளீனர்கள் எத்தனை ஆயிரம் முறை செய்து பார்த்தது!

“வா... வா... லெஃப்ட்ல ஒடிச்சு வா... வா வா வா... நேராக்கு... வா...” கையைத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். “ஹோல்டான்!”

மாப்பிள்ளையை ‘வா’ என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் சிரித்துக்கொண்டே இறங்கி, இரண்டு பக்கமும் இடைவெளியைக் காலால் அளந்து பார்த்தார்.